384 பேரும் ஒரு வேனும்

பொங்கல் கழிந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரக் கோயில் வாசல்களில் கிளிப் போர்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பிள்ளைகள் நிற்பார்கள். சுற்றுலாவியல் படிக்கும் முதுகலை மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள். மாசி முடிவதற்குள் டேட்டா சேர்த்தாக வேண்டும், சித்திரை பிறப்பதற்குள் ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்தாக வேண்டும். நான் புள்ளியியல் சொல்லித்தருகிறவன். சர்வே முடித்த கையோடு அவர்களில் பலர் என்னிடம் வருவார்கள். வந்ததும் கேட்பது: "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?"

கேள்வியில் குறை இல்லை, கேட்கும் நேரம்தான் பிந்திவிடுகிறது. கேள்வித்தாள் அச்சாவதற்கு முன்னால், முதல் ஆளை நிறுத்திப் பேசுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எதை 'ஒன்று' என்று எண்ணப் போகிறோம்? ஓர் ஆளையா, ஒரு குடும்பத்தையா, ஒரு வேனையா, ஒரு கோயில் நுழைவையா, லாட்ஜில் கழியும் ஓர் இரவையா? இதை முடிவு செய்துவிட்டால் எந்த முறை, எத்தனை பேர், எந்த டெஸ்ட் என்பதெல்லாம் முக்கால்வாசி தானாகவே வந்து நிற்கும். இதை விட்டுவிட்டு எந்த மென்பொருளில் என்ன பொத்தானை அழுத்தினாலும் வரும் எண்ணுக்குப் பொருள் இருக்காது. காவிரிப் படுகை போல இதைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் வட்டாரம் குறைவு. அதனால்தான் இங்கே இருந்துகொண்டு எழுதுகிறேன்.

நவக்கிரகக் கோயில்களையே எடுத்துக்கொள்வோம். சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம். சேலத்திலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வருகிறது. கும்பகோணத்தில் இரண்டு அறை எடுத்து ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் ஒன்பதையும் பார்த்துவிட்டுப் போகிறது. ஒவ்வொரு வாசலிலும் தலையை எண்ணினால் இந்தக் குடும்பம் 54 ஆகிவிடும். டெல்டாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் 6. லாட்ஜுக்காரரைக் கேட்டால் அவருக்கு 2. மூன்றுமே உண்மை. கோயில் வாசலில் எத்தனை கழிப்பறை, எத்தனை குடிநீர்க் குழாய் வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்கு 54 வேண்டும். எத்தனை வீட்டுப் பணம் இந்த வட்டாரத்துக்கு வந்தது என்று பார்ப்பவருக்கு 6 வேண்டும், அல்லது ஒரு குடும்பம் என்ற 1 வேண்டும். போதாததற்கு, திருநள்ளாறு இருப்பது காரைக்காலில். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக் கணக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நவக்கிரகச் சுற்றுலா என்று தலைப்புப் போட்டால் சனீஸ்வரர் விடுபட்டுப் போவார்.

மாநில அளவிலும் இதே சிக்கல்தான். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலா வருகை ஏறக்குறைய 49 கோடி என்று ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி. அந்த 49 கோடி ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் வருடத்தில் நான்கு முறை வந்தால் நான்கு. இதைப் பல ஆய்வேடுகள் முதல் அத்தியாயத்திலேயே '49 கோடிச் சுற்றுலாப் பயணிகள்' என்று எழுதி, அதைத் தலைக்கு இவ்வளவு செலவு என்று பெருக்கி, மாநிலப் பொருளாதாரத்தில் பாதியைச் சுற்றுலாவுக்குக் கொடுத்துவிடுகின்றன.

சென்னையில் குடியிருக்கும் ஒருவர் மாசி மாதம் திருவாரூர் பக்கத்துக் கிராமத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்து, சித்தப்பா வீட்டில் இரண்டு இரவு தங்கிப் போகிறார். அவர் சுற்றுலாப் பயணியா? 2008ஆம் ஆண்டின் ஐ.நா. சுற்றுலாப் புள்ளியியல் பரிந்துரைகளின்படி சந்தேகமே இல்லாமல் ஆம். வழக்கமாகப் புழங்கும் இடத்தைவிட்டு வெளியே ஒரு வருடத்துக்கும் குறைவாகப் போய்வருபவர், அங்கே வேலைக்கு அமர்த்தப்படாதவர் எல்லோரும் வருகையாளர். இரவு தங்கினால் சுற்றுலாப் பயணி, தங்காவிட்டால் ஒருநாள் வருகையாளர். ஆனால் சித்தப்பா வீட்டில் பதிவேடு கிடையாது. லாட்ஜ் கணக்கை வைத்து ஆராய்ந்தால் இவர் இல்லவே இல்லை. கோயிலிலும் டிக்கெட் கிடையாது. இவரைப் பிடிக்க வேண்டுமானால் புறப்படும் இடத்தில், வீடு வீடாகக் கேட்க வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 65ஆவது சுற்று (2008-09), 72ஆவது சுற்று (2014-15) இரண்டும் அப்படித்தான் செய்தன. இரவு தங்கும் பயணங்களில் உறவினர் வீடு, விசேஷம் என்று போய்வருவதே பெரும்பங்கு என்று காட்டியதும் அந்தக் கணக்கெடுப்புகள்தான். வாசலில் நின்று கேட்பதா, வீட்டில் போய்க் கேட்பதா என்பதும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் சேர்த்திதான். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எதை ஒன்றென எண்ணுகிறோம் என்று எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் எடை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தது என்றும், நகைகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுத்தவை என்றும் தனித்தனியே குறித்திருக்கிறார்கள். நகையை எடை போட்டபோது சரடு, சட்டம், செப்பு ஆணி இவற்றை நீக்கி நிறுத்தோம் என்றுகூட வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லால் நிறுத்தோம், எதைச் சேர்த்தோம், எதைக் கழித்தோம் என்று மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆயிரம் வருடம் கழித்து அதே பிராகாரத்தில் நின்று சர்வே எடுக்கும் ஆய்வேட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறில்லையே.

சரி, இனி 384க்கு வருகிறேன்.

நம் வட்டாரத்துச் சுற்றுலா ஆய்வேடுகளைப் புரட்டினால் மாதிரி அளவு என்ற இடத்தில் திரும்பத் திரும்ப வரும் எண் இது. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் 384 பேர் போதும் என்று இருக்கும். காக்ரன் சூத்திரத்திலும் இதேதான் வரும்: 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. பொருள் என்ன? 95 சதவீத நம்பிக்கை அளவில், ஒரு விகிதத்தை ஐந்து சதவீதம் முன்பின்னாகச் சொல்ல 384 பேர் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு நிற்பது ஓர் அடித்தளத்தின்மேல். அந்த 384 பேரும் முழுப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில், ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாமல் எடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ஆய்வேட்டில் ஒரு பக்கத்தில் 384 என்று இருக்கும், அடுத்த பக்கத்திலேயே 'வசதி மாதிரி முறை' என்று இருக்கும். அதாவது கையில் கிடைத்தவர்களைக் கேட்டோம் என்று. அப்படிக் கேட்டால் அந்தச் சூத்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை. 384க்குப் பதில் 200 என்றோ 500 என்றோ எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

கையில் கிடைத்தவர்கள் யார் என்று பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநாகேஸ்வரத்தில் என் மாணவி ஒருத்தியோடு நின்றிருந்தேன். கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பதினைந்து பேரில் ஒரு பாட்டியிடம் அவள் கேள்வித்தாளை நீட்டி, இந்தத் தலத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் என்ன, ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள் பாட்டி என்று ஆரம்பித்தாள். பாட்டி சிரித்துவிட்டு, "எனக்கென்ன தெரியும் கண்ணு? வண்டியில ஏறச் சொன்னாங்க, ஏறிட்டேன். எல்லாம் எங்க மாப்பிள்ளை ஏற்பாடு. அவரையே கேட்டுக்கோ" என்றார். மாப்பிள்ளை வந்தார். எந்த லாட்ஜ், எந்த ஹோட்டலில் சாப்பாடு, எந்தக் கோயில் முதலில், தலைக்கு எவ்வளவு என்று எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. அவர் சொன்ன பதிலையே மற்றவர்களும் தலையாட்டி ஆமோதித்தார்கள். அந்த வேனில் முடிவெடுத்தவர் ஒரே ஒருவர். பதினைந்து தாள் நிரப்பியிருந்தால் பதினைந்து முறை அவரைத்தான் கேட்டதாக ஆகியிருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், இது அந்த ஒரே பானையில் பதினைந்து சோற்றை எடுத்துப் பார்த்துவிட்டு ஊரில் எல்லா வீட்டுச் சோறும் வெந்துவிட்டது என்று சொல்வது.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். ஒரு வேனுக்குப் பத்துப் பேர் வீதம் கேட்கிறோம், ஒரே வேனில் இருப்பவர்களின் பதில்களுக்கு இடையே ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்வோம் (சம்பந்தமே இல்லை என்றால் 0, எல்லோருக்கும் ஒரே பதில் என்றால் 1). வடிவமைப்பு விளைவு, அதாவது சேர்ந்து வந்தவர்களைக் கேட்பதால் தாள்களின் மதிப்பு எத்தனை மடங்கு குறைகிறது என்பது, 1 + (10 - 1) × 0.3, அதாவது 3.7. உங்கள் 384 தாள்கள் 384ஐ 3.7ஆல் வகுத்தால் கிடைக்கும் 104 தாள்களுக்குத்தான் சமம். ஐந்து சதவீதம் என்று எழுதிய பிழை எல்லை உண்மையில் பத்தை ஒட்டி வந்துவிடும். அதற்குள் ஒருநாள் வருகையாளர், இரவு தங்குபவர் என்று பிரித்து ஒப்பிடப் போனால் இன்னும் மோசம்.

வழி எளிது. முடிவெடுப்பதைப் பற்றிய ஆய்வு என்றால் வேனை ஒன்று என எண்ணுங்கள், ஏற்பாடு செய்தவரைக் கேளுங்கள். நூறு வேன் என்றால் நூறு தாள், அவ்வளவுதான். அனுபவத்தைப் பற்றிய ஆய்வு என்றால் ஆளைக் கேளுங்கள். ஒரு வேனுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு பேரையும் நீங்களாகப் பார்த்துப் பிடிக்காமல், கடைசியாகப் பிறந்தநாள் யாருக்கு வந்ததோ அவர், அதற்கு முன்னால் யாருக்கோ அவர் என்று எடுங்கள். பிறகு அலசும்போது வேன் ஒரு மட்டம், ஆள் ஒரு மட்டம் என்று பலநிலை மாடலில் போடுங்கள். 'ஆர்' மென்பொருளில் இது இலவசம்.

தெலுங்கு பேசும் வேன் வந்தால் பல பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். வேளாங்கண்ணியில் மலையாளம், கொங்கணி. கேள்வித்தாளை மொழிபெயர்க்கவும் பேச ஆள் சேர்க்கவும் முடியாவிட்டால், நம் ஆய்வு தமிழ் பேசும் பயணிகளைப் பற்றியது என்று தலைப்பிலேயே சொல்லிவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அப்புறம் கிழமை. நம் ஊரில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு நாள் இருக்கிறது. ஆலங்குடிக்கு வியாழன், வைத்தீஸ்வரன்கோவிலுக்குச் செவ்வாய், கஞ்சனூருக்கு வெள்ளி, திருநள்ளாற்றுக்குச் சனி. திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் பாலபிஷேகம். ஞாயிறு என்றால் மாலை நாலரையிலிருந்து ஆறு மணிக்குள். கல்லூரி விடுமுறை என்று சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது கோயிலிலும் சுற்றிவந்து டேட்டா எடுத்தால், ஆலங்குடியின் வியாழக்கிழமைக் கூட்டம் அதில் ஒரு தலைகூட இருக்காது. பரிகாரத்துக்கென்று வருபவரும், போகிற வழியில் எட்டிப் பார்ப்பவரும் வேறு வேறு ஆட்கள். வேறு நேரத்தில் வருகிறார்கள், வேறு மாதிரி செலவு செய்கிறார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாத இடத்தில் மாதிரி எடுக்க நேரத்தையும் இடத்தையும் பட்டியலாக்கிக் கொள்வது ஒரு வழி. கோயில், கிழமை, மணி என்று கட்டம் போட்டு, கட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்தக் கட்டத்தில் போய் நிற்பது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பவர் ஒருவர், வெறுமனே தலையை மட்டும் எண்ணுபவர் ஒருவர். எண்ணிக்கை இருந்தால்தான் பிறகு எடை கொடுத்துச் சரிசெய்ய முடியும். ராகு, கேதுவுக்குத் தனிக் கிழமை இல்லை, ஆனால் ராகு காலம் தினமும் மாறும். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதிரி வடிவமைப்பது இந்த மண்ணில் அவசியம்.

பெரியகோயிலில் வேறொரு சங்கதி. சாயங்காலம் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கேள்வித்தாளோடு போகும் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் வாகு. ஓடுகிறவரை நிறுத்துவது கஷ்டம், உட்கார்ந்தவரிடம் பேசுவது சுலபம். ஆனால் இரண்டு மணி நேரம் இருப்பவர் கண்ணில் படும் வாய்ப்பு, அரை மணியில் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுபவரைப் போல நாலு மடங்கு. 'சராசரியாக எவ்வளவு நேரம் செலவிட்டார்கள்' என்ற கேள்விக்கு அங்கேயே விடை தப்பிவிடும். வெளியே போகும் வழியில், கேரளாந்தகன் வாயிலில் நின்று, ஒவ்வொரு இருபதாவது ஆளை நிறுத்துவதே முறை. நிறுத்தியவர்களில் மூன்றாவது ஆள் மறுத்துவிட்டார், எட்டாவது ஆள் மறுத்துவிட்டார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லாத ஆய்வேட்டை நான் பாதி ஆய்வேடாகத்தான் பார்க்கிறேன்.

ஐந்து புள்ளி அளவுகோலைப் பற்றிச் சுருக்கமாக. ரென்சிஸ் லைகெர்ட் 1932இல் கொடுத்தது நல்ல கருவி. சேவையின் தரத்தை அளக்க 1988இல் வந்த செர்வ்குவால் என்ற கேள்வித்தொகுப்பும் அதன் 22 கூற்றுகளும் வங்கி, பழுதுபார்க்கும் சேவை போன்றவற்றை வைத்து உருவானவை. அவற்றை அப்படியே தமிழாக்கிச் சந்நிதி வாசலில் கேட்டால், விபூதி பூசிய கையோடு வருபவர் எல்லாவற்றுக்கும் ஐந்துதான் போடுவார். சாமி கும்பிட்டுவிட்டு வந்து குறை சொல்ல மனசு வராது. எல்லோரும் ஐந்தே போட்டால் டேட்டாவில் வித்தியாசம் இருக்காது, வித்தியாசம் இல்லாத இடத்தில் எந்த டெஸ்டும் எதையும் கண்டுபிடிக்காது. 'சுகாதார வசதிகள் திருப்தியாக உள்ளன' என்பதற்குப் பதில், 'இன்று கழிப்பறை தேடினீர்களா, கிடைத்ததா, எவ்வளவு நேரம் ஆயிற்று' என்று கேளுங்கள். பெண்களிடம் கேட்டால் நிமிடக் கணக்கில் சொல்வார்கள். முடிந்தவரை மணி, ரூபாய், கிலோமீட்டர், எத்தனை தடவை என்று கேளுங்கள்.

செலவைக் கேட்டால் இன்னொன்று வரும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து செருப்பு டோக்கனுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தவர்கள் நிறைய. சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு முன்பணம் கொடுத்துப் போனவர் ஒருவர் அந்த மாதிரியில் சிக்கிவிட்டால் சராசரி எகிறிவிடும். இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வரும் எண்ணைச் சொல்லுங்கள். செலவு செய்தாரா இல்லையா என்பதை ஒரு மாடலாகவும், செய்தவர் எவ்வளவு செய்தார் என்பதை இன்னொரு மாடலாகவும் இரண்டு கட்டமாகப் போடுங்கள். வேன் வாடகையைத் தலைக்குப் பிரிக்கும்போது குழந்தைகளைச் சேர்த்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். இன்றைய ஆய்வேடுகளில் பெரும் மோகம் அம்புக்குறிப் படங்கள்மேல். திருப்தியிலிருந்து ஓர் அம்பு கிளம்பி 'மறுவருகை எண்ணம்' என்ற வட்டத்தில் போய்க் குத்தும். கட்டமைப்புச் சமன்பாட்டு மாடல், எஸ்.இ.எம். என்பார்கள். அந்தக் கருவிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் திருமணஞ்சேரிக்கு வருபவர் மறுபடி எப்போது வருவார்? கல்யாணம் ஆனபிறகு, தம்பதியாக, நன்றி சொல்ல. அவருடைய மறுவருகையை முடிவு செய்வது பார்க்கிங் வசதி அல்ல. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிப்போனவர் குழந்தை பிறந்தபிறகு வருவார். வரன் அமைவதும் பிள்ளை பிறப்பதும்தான் இங்கே மறுவருகையின் காரணம். இதற்கு ஏற்ற முறை அம்புக்குறிப் படம் இல்லை. முதல் வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே எவ்வளவு காலம், அந்தக் காலம் எதைப் பொறுத்து நீள்கிறது அல்லது குறைகிறது என்று பார்க்கும் வாழ்நாள் பகுப்பாய்வுதான். மருத்துவத்தில் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கப் பயன்படுத்தும் அதே முறை. நன்றி சொல்ல வந்த தம்பதியிடம் 'முதலில் வந்தது எந்த மாதம்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பாதி டேட்டா கிடைத்துவிடும். வராமலே போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள் என்பதை மறக்காமல், முதல் முறை வருபவர்களின் கைபேசி எண்ணை ஒப்புதலோடு வாங்கிக்கொண்டு ஒரு வருடம் கழித்து அழைத்துக் கேட்டால் மீதியும் கிடைக்கும்.

திருக்கடையூர் இதைவிடச் சுவாரசியம். சஷ்டியப்தபூர்த்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று 60, 70, 80 வயது நிறைவில் அங்கே வந்து சடங்கு செய்கிறார்கள். அங்கே எண்ண வேண்டிய 'ஒன்று' ஆளும் இல்லை, வேனும் இல்லை. ஒரு விசேஷம். மணமக்கள் இரண்டு பேர், கூடவே மகன், மகள், சம்பந்தி, பேரன் பேத்தி, ஐயர், சமையல், போட்டோக்காரர். வரும் பத்து வருடத்தில் திருக்கடையூருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கணிக்கக் கடந்த கால வருகையைக் கோடு போட்டு நீட்டுகிறார்கள். அதைவிட நல்ல வழி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணையில் இருக்கிறது. 60 வயதைத் தொடப்போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, 50ஐத் தாண்டி நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பங்கினர் இந்தச் சடங்குக்குத் திருக்கடையூர் வருகிறார்கள் என்ற விகிதத்தை ஒரு நல்ல வீட்டுச் சர்வேயில் கண்டுபிடித்துவிட்டால், பெருக்கல் மட்டும்தான் பாக்கி. ஒரு எச்சரிக்கை: நம் மக்கள் வயதைச் சொல்லும்போது 60, 65 என்று முழு எண்ணாகச் சொல்வது வழக்கம். அதனால் கணக்கெடுப்பில் 60 வயதுக்காரர்கள் மட்டும் வீங்கித் தெரிவார்கள். ஐந்தைந்து வயதாகத் தொகுத்துச் சமன் செய்துகொள்ள வேண்டும். இப்படி ஓர் ஆய்வை யாராவது எடுத்துச் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

காலத் தொடர் ஆய்வுக்கு வருபவர்கள் மாதவாரி எண்ணிக்கையை வாங்கி, பன்னிரண்டு மாதப் பருவச் சுழற்சி என்று போட்டுவிடுகிறார்கள். ஊட்டிக்கு அது பொருந்தலாம். இங்கே நாட்காட்டிகள் பல. ஆங்கில நாட்காட்டிப்படி 2024இல் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை, 2025இல் இரண்டு வந்தன: ஜனவரி 10, டிசம்பர் 30. ஸ்ரீரங்கத்தின் 2024 எண்ணிக்கையையும் 2025 எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆஹா என்ன வளர்ச்சி என்று தோன்றும். நாகூர் கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். வேளாங்கண்ணித் திருவிழா மட்டும் ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும், மாறாது. ஆனால் ஒரே விழா இரண்டு மாதக் கணக்கில் உடைந்து விழும். திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 என்று வாக்கியப் பஞ்சாங்கப்படி நடந்தது. திருக்கணிதக்காரர்களுக்குத் தேதி வேறு. எந்தத் தேதிக்கு எந்தக் கூட்டம் வந்தது என்று அறிய மாடலில் இரண்டு தேதிக்கும் தனித்தனி மாறி வைக்க வேண்டும். எந்த மென்பொருளும் தானாக இதைக் கண்டுகொள்ளாது.

எல்லையும் நகரும். நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர் 28. தரங்கம்பாடி, பூம்புகார், வைத்தீஸ்வரன்கோவில், திருக்கடையூர் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. மாவட்ட வாரியாக நாகப்பட்டினத்தின் வரிசையைப் பார்த்தால் 2021இல் பெரிய சரிவு. கொரோனா வருடமும் அதுவே என்பதால் முழுச் சரிவையும் நோயின் தலையில் கட்டிவிடுவது ரொம்பச் சுலபம். பழைய எல்லைப்படி இரண்டையும் கூட்டித்தான் 2018 நவம்பர் கஜா புயலின் தாக்கத்தையும், 2020இன் தாக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

இவ்வளவையும் ஒருசேர எழுத இப்போது ஒரு காரணம் உண்டு. 2016 பிப்ரவரி 22க்குப் பிறகு கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல். அப்போது எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். மகாமகக் குளம் 6.2 ஏக்கர், அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் சதுர அடி. நெருக்கமான கூட்டத்தில் ஓர் ஆளுக்கு 4.5 சதுர அடி என்று கொண்டால் ஒரே நேரத்தில் குளத்துக்குள் இருக்கக்கூடியவர்கள் 60 ஆயிரம் பேர். அதற்குமேல் எந்த எண்ணைச் சொன்னாலும், ஒருவர் இறங்கி நீராடி மேலேற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 20 நிமிடம் என்றால் மணிக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் பேர், 40 நிமிடம் என்றால் அதில் பாதி. அந்த நிமிடத்தை அளப்பது இரண்டு பேர் கைக்கடிகாரத்தோடு கரையில் நின்று செய்யக்கூடிய வேலை. 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் உயிரிழந்த ஊர் இது. சரியான எண் இங்கே ஆய்வேட்டு மதிப்பெண்ணுக்கானது மட்டும் இல்லை.

2028இல் நேராகப் போய் நிற்பதில் பயனில்லை, ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும். மாசி மகம் வருடா வருடம் வருகிறது. 2027 மாசி மகத்தன்று குளத்தின் நான்கு கரைகளிலும், காவிரித் துறைகளிலும், ரயில் நிலையத்திலும், பேருந்து நிலையத்திலும் 2028இல் எண்ணப்போகும் அதே இடங்களில், அதே மணிகளில், அதே முறையில் எண்ணிவைக்க வேண்டும். லாட்ஜ்களின் அறை-இரவுக் கணக்கை முந்தைய மாதத்திலிருந்தே வாங்கிவைக்க வேண்டும். அறநிலையத்துறை, நகர நிர்வாகம், காவல்துறை மூன்றிடமும் அனுமதிக் கடிதம் வாங்க மாதக்கணக்கில் ஆகும். இந்த வருடம் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மகாமகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை இப்போதே எழுத ஆரம்பியுங்கள். கட்டம் போட, சீட்டுக் குலுக்க, எண்ணுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் வருகிறேன்.